காருக்கு மாப்பிள்ளை பார்க்கும் என் அண்ணனிடமிருந்து சாவியை மீட்டுத் தரக் கோரல்

அனுப்புநர்:
செல்வி குணேஸ்வரி கதிர்காமத்தம்பி,
உப தபாலதிபர்,
உப்புவெளி,
திருகோணமலை.

பெறுநர்:
தவிசாளர் அவர்கள்,
மத்தியஸ்த சபை,
பட்டினமும் சூழலும்,
திருகோணமலை.

பொருள்: எனது காரின் உடைந்த முன்கண்ணாடியை மாற்றவிடாமல், கண்ணாடி பூட்டும் ஆளைக் கலியாணத்துக்கு வரன் தேடுவதுபோல் தேடிக்கொண்டிருக்கும் என் உடன்பிறந்த அண்ணன் திரு. க. இராசதுரை அவர்களிடமிருந்து கார்ச் சாவியைப் பெற்றுத் தருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் சபைக்கு எல்லை வேலி, பயிரை மேய்ந்த மாடு, இரவல் வாங்கித் திரும்பாத ஏணி போன்ற கனமான பிணக்குகள் வருவதை அறிவேன். அவற்றின் நடுவே ஒரு கண்ணாடியையும் ஒரு சாவியையும் தூக்கிக்கொண்டு வருவதற்கு முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன். வீட்டுக்குள்ளேயே கதைத்துத் தீர்க்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். கதைத்தோம் ஐயா. வீட்டுக்குள் கதைத்தது பக்கத்து வளவுக்கும் கேட்டது. ஆனால் தீரவில்லை.

1. நான் குச்சவெளிப் பக்கத்து உப தபாலகமொன்றில் தபாலதிபராக உள்ளேன். வயது ஐம்பத்து மூன்று. திருமணமாகவில்லை. இந்த விபரம் இங்கு எதற்கு என்பது எட்டாம் பந்தியில் விளங்கும். தாய் தகப்பன் காலமான பின் அண்ணன் குடும்பத்துடனேயே வசிக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து, என் பெயரிலேயே ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கினேன். காலையில் யன்னலை இறக்கிவிட்டு நிலாவெளி வீதியால் வேலைக்குப் போகும் நேரம் ஒன்றுதான், ஒரு நாளில் என்னை எவரும் எதுவும் கேட்காத நேரம். அந்த நேரம் இப்போது என்னிடம் இல்லை. முறைப்பாட்டின் சாரம் இதுவே.

2. கடந்த விஜயதசமியன்று காருக்குப் பூசை வைத்தோம். சந்தனம், குங்குமம், செவ்வரத்தம்பூ மாலை, நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் என எல்லாவற்றையும் என் மச்சாள் அன்னலட்சுமி, அதாவது அண்ணனின் மனைவி, ஒழுங்குசெய்தார். தேங்காய் உடைக்கும் பொறுப்பை அண்ணன் எடுத்துக்கொண்டார். அவர் ஓய்வுபெற்ற காணிக் கிளை எழுதுவினைஞர். எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். சின்னத் தேங்காய்க்குக் கண்ணூறு போகாது என்று வளவிலிருந்த ஆகப் பெரிய முற்றல் தேங்காயை எடுத்து, காருக்குச் சற்று முன்னால் ஒரு கருங்கல்லை உருட்டி வைத்து, பிள்ளையாரை நினைத்து ஓங்கி அடித்தார். தேங்காய் உடைந்தது. சிரட்டைத் துண்டொன்று மேலே எழும்பிப் பட்டதில் காரின் முன்கண்ணாடியும் உடைந்தது. விபத்து வரக்கூடாது என்று செய்த பூசையில்தான் என் கார் தன் முதலாவது விபத்தைக் கண்டது. அண்ணன் கிட்டப் போய் வெடிப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, “பாத்தியே பிள்ளை, கண்ணூறு எவ்வளவு பெரிசா இருந்திருக்கு! நல்ல காலம், கண்ணாடியோட போயிட்டுது” என்றார்.

3. புளியங்கொட்டை அளவில் தொடங்கிய வெடிப்பு, வெயிலுக்கும் மழைக்கும் மாறி மாறி நீண்டு, ஒரு மாதத்துக்குள் சாரதிப் பக்கம் வரை வந்து சேர்ந்தது. வெயில் படும்போது எதிரே வருவதெல்லாம் இரண்டாகத் தெரியும். ஒருநாள் சாம்பல்தீவுச் சந்திக்கு அப்பால் வீதியில் படுத்திருந்த மாட்டுக்கு ஒதுங்கி, பக்கத்தில் படுத்திருந்த மற்ற மாட்டுக்காகப் பிறேக் அடித்தேன். மற்ற மாடு என்று ஒன்று அங்கே இருக்கவில்லை. பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரர் இறங்கி வந்து என்னிடம் கூறியவற்றை மரியாதை கருதி இங்கு எழுதவில்லை. இனிக் கண்ணாடியை மாற்றாமல் ஓடுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். மாற்றுவதற்கு ஓர் ஆளைப் பார்க்கச் சொல்லி அண்ணனிடம் ஒரு சொல் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

4. “கண்ணாடி எண்டா லேசுப்பட்ட சாமானே? காரின்ர முகமெல்லோ! கண்டவன்ர கையில குடுக்க ஏலாது. நான் விசாரிக்கிறன்” என்று அண்ணன் புறப்பட்டார். முதலில் கிண்ணியாவுக்குப் போய் நஸ்ரி என்பவரைப் பார்த்தார். கண்ணாடி பூட்டுவதில் நல்ல பெயர் எடுத்தவர். பெயரை மட்டும் நம்பாத அண்ணன், அவர் முன்பு கண்ணாடி பூட்டிய கார்களைத் தேடித் திரிந்து, தண்ணீர் கசிகிறதா என்று சோதித்திருக்கிறார். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வந்த ஒரு கனவான், முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் தன் காருக்கு வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதைக் கண்டு, காசில்லாமல் கார் கழுவும் புண்ணியவான் என்று எண்ணிப் பின்பக்கத்தையும் கழுவச் சொன்னாராம். ஒரு துளியும் கசியவில்லை. இருந்தும் நஸ்ரியை அண்ணன் தள்ளிவிட்டார். காரணம்: “வேலை பிழையில்லை. ஆனா பெடியன் வாய் துறக்கிறானில்லை. கதைக்காத ஆளை என்னெண்டு நம்புறது?”

5. அடுத்ததாக மூதூருக்குப் பஸ் ஏறினார். அங்கே ஜமால்தீன் என்பவர் அண்ணனைக் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரையைக் காட்டி, நல்லதற்கும் போலிக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கி, பூட்டிய பிறகு மழையில் கசிந்தால் தானே வீடு தேடி வந்து திருத்தித் தருவதாகவும் வாக்குக் கொடுத்திருக்கிறார். இதைவிட ஒரு மனிதர் என்ன செய்ய வேண்டும் ஐயா? வீட்டுக்கு வந்த அண்ணனின் தீர்ப்பு: “ஆள் வாய்க்காரன். கதைக்கிற வாய் வேலை செய்யாது.” ஒருவர் கதைக்காததால் ஆகாது, மற்றவர் கதைத்ததால் ஆகாது. அளவாகக் கதைக்கும் ஆளைத் தேடி அண்ணன் கண்டி வீதியில் இறங்கினார்.

6. கப்பல்துறையில் மதுசன் என்னும் இளைஞர் சொந்தமாகக் கடை வைத்துக் கண்ணாடி பூட்டுகிறார். வயது இருபத்தொன்பது. தலைமயிரின் முன்பக்கத்துக்கு மஞ்சள் நிறம் அடித்திருப்பதைத் தவிர வேறு குறை சொல்ல ஏலாது. இவரைப் பற்றி அண்ணன் இவரிடமே கேட்கவில்லை. ஊரில் கேட்டார். பெடியன் குடிக்கிறானா, கடன் உண்டா, எந்தக் கோயிலுக்குப் போகிறான், தாய் வழி எந்த ஊர், தகப்பன் எப்படி, கோபக்காரனா, கை சுத்தமா என்றெல்லாம் கடைத்தெருவில் விசாரித்து, கடைசியாகக் கோயில் ஐயரிடம் பெடியனின் நட்சத்திரத்தையும் கேட்டு அறிந்து வந்தார். உப்புவெளி இராசதுரையர் என்று தன் பெயரையும் முகவரியையும் எல்லோரிடமும் கொடுத்துவிட்டு வந்தார். கண்ணாடி என்ற சொல்லை மட்டும் அவர் எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆட்கள் உஷாராகிப் பொய் சொல்வார்களாம்.

7. அதன் பலனாக அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வான் வந்து நின்றது. மதுசனின் தாயார், தாய்மாமன் இருவர், மாமிமார், ஒரு சீப்பு இதரை வாழைப்பழம், கற்கண்டு, பலகாரப் பெட்டி, எல்லோருக்கும் பின்னால் புதுச் சேட்டுடன் மதுசன். நான் வீட்டுச் சட்டையுடன் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மச்சாள் ஓடிவந்து, “குணம், ஆரோ மாப்பிள்ளை வீட்டாக்கள் வந்திருக்கினம்” என்றார். ஆருக்கு என்று கேட்டேன். மச்சாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. கலியாணம் ஆகாத பெண் என்று அந்த வீட்டில் இருப்பவள் நான் ஒருத்திதான் ஐயா.

மதுசனின் தாயார் கதிரையில் அமர்ந்து, தண்ணீர் குடித்து, “எங்களப் பற்றி நீங்கள் நல்லா விசாரிச்சனீங்களாம். சந்தோசம். அப்ப பொம்பிளையைக் கூப்பிடுங்கோவன்” என்றார். காணிக் கிளையில் எத்தனையோ பிணக்குகளைப் பார்த்த அண்ணன், “வீட்டில பொம்பிளை ஒருத்தருமில்லை” என்றார் ஒருவாறு. “பொம்பிளை இல்லையோ? அப்ப இந்த விசாரணை எல்லாம் ஆருக்கு?” என்று தாயார் எழும்பினார்.

குசினி வாசலில் நின்ற மச்சாள், “காருக்கு” என்றார்.

பெரிய மாமன் தான் முதலில் சிரித்தார். பிறகு தாயாரும் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. நான் கையைக் கழுவிவிட்டு எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன். வெட்கம் தாங்காமல் மதுசன் வெளியே இறங்கிக் காரடிக்குப் போய்விட்டார். நானும் போனேன். அவர் வெடிப்பில் விரலை வைத்துப் பார்த்து, “அக்கா, பழைய பசையை முழுக்க வெட்டியெடுத்து, துரு இருந்தா தேய்ச்சுக் காயவிட்டுத்தான் புதுக் கண்ணாடி பூட்டுவன். பூட்டின அண்டைக்குக் கார எடுக்க விடமாட்டன். அவசரம் எண்டா வேற ஆளப் பாருங்கோ” என்றார். வாடிக்கைக்காரரின் முகத்துக்கு நேரே, அவசரப்படுத்தாதே என்று சொல்லும் ஆளிடம் காரைக் கொடுக்கலாம். உள்ளே போய், “எனக்குப் பெடியனைப் பிடிச்சிருக்கு” என்று சபை அறியச் சொன்னேன். தாயார் மறுபடியும் எழும்பிவிட்டார். கண்ணாடி பூட்டுவதற்குத்தான் என்று மச்சாள் விளங்கப்படுத்தினார்.

8. அன்று மாலை அண்ணன் பஞ்சாங்கத்தை எடுத்தார். காரின் இலக்கத்தைக் கூட்டினால் எட்டு வருகிறதாம். பெடியனின் நட்சத்திரத்துக்கு எட்டு ஆகாதாம். “பொறு பிள்ளை. இதவிட நல்ல ஆளா ஒண்டு வரும்” என்றார்.

அந்த வசனத்தை நான் முன்பும் கேட்டிருக்கிறேன் ஐயா. இதை எழுதாமல் விடவே நினைத்தேன். என் இருபத்தாறாவது வயதில் தம்பலகாமத்திலிருந்து ஒரு வரன் வந்தது. ஆள் கதைக்கிறாரில்லை என்று அண்ணன் வேண்டாம் என்றார். பிறகு அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்த ஒருவர். வாய் கூட என்றார். மூன்றாவது வரனுக்கு எல்லாம் சரியாக இருந்தது. அந்த மனிதரை எனக்கும் பிடித்திருந்தது. எல்லாம் சரியாக இருப்பதே அண்ணனுக்குச் சந்தேகமாகப் போய்விட்டது. “பொறு பிள்ளை, இதவிட நல்லதா ஒண்டு வரும்.” பொறுத்தேன். இடப்பெயர்வு வந்தது, சுனாமியாய்க் கடல் வந்தது, இடமாற்றம் வந்தது, நரையும் வந்தது. வரன் மட்டும் வரவில்லை. இதற்காக நான் சபையிடம் நட்டஈடு எதுவும் கோரவில்லை. ஆனால் கண்ணாடிக்கும் அதே மனிதர் அதே வசனத்தைச் சொன்னபோது எனக்கு வந்த கோபத்தில், கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்த சத்தம் பக்கத்து வளவு நாயை எழுப்பியது.

9. மறுநாளே காரைக் கப்பல்துறைக்குக் கொண்டுபோகப் புறப்பட்டேன். குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் சாவி இல்லை. அதை அண்ணன் எடுத்துத் தன் அலுமாரியில் பூட்டிவிட்டார். அலுமாரிச் சாவியைத் தன் அரைஞாண் கயிற்றில் கட்டியிருக்கிறார். அது அவருடைய சாரத்துக்கு உள்ளே, ஒரு தங்கை கை நீட்ட ஏலாத இடத்தில் இருக்கிறது. மச்சாளிடம் எடுத்துத் தரச் சொன்னேன். “நாப்பது வருசம் குடும்பம் நடத்தினனான். இதுக்கு மேல என்னால ஏலாது” என்று மறுத்துவிட்டார். எனவேதான் சட்டத்தின் உதவியை நாடியுள்ளேன்.

10. இதனிடையே நடந்த இன்னொன்றையும் சபை அறிய வேண்டும். வந்த வானை வெறுங்கையுடன் அனுப்ப மனமில்லாத மச்சாள், தன் தங்கையின் மகள் நிரோஜினியின் சாதகத்தைத் தாயாரிடம் கொடுத்துவிட்டார். பொருத்தம் பத்துக்கு எட்டு. பிள்ளைகள் இருவரும் இப்போது தொலைபேசியில் கதைக்கிறார்கள். தை பிறந்ததும் கலியாணம் என்று கதை. இதற்கு அண்ணனும் முழுச் சம்மதம். “பெறாமகளையே அந்தப் பெடியனுக்குக் குடுக்கலாம், என்ர காரைக் குடுக்க ஏலாதோ?” என்று கேட்டேன். அதற்கு அண்ணன் அளித்த பதிலை ஓர் எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்: “பொம்பிளைப் பிள்ளை தன்ர பாட்டைத் தான் பாக்கும், பிழையெண்டா வாய் துறந்து சொல்லும். கார் வாயில்லாத சாமானெல்லோ!”

வாயிருந்தும் நான் அந்தக் காலத்தில் திறக்கவில்லை ஐயா. ஆகவே இம்முறை எழுத்தில் தருகிறேன்.

11. தற்சமயம் குச்சவெளி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். பஸ் தன் எண்ணத்துக்கு வரும். தபாலகம் திறக்கப் பிந்தும் நாட்களில், உதவிப்பணம் எடுக்க வரும் வயோதிபர்கள் மழையில் வாசலில் நிற்கிறார்கள். அவர்களில் நபீஸா உம்மா என்பவர் என்னைக் கண்டதும், “என்ன புள்ள, காருக்கு இன்னம் மாப்புள கெடைக்கல்லயா?” என்று கேட்கிறார். கதை உப்புவெளியிலிருந்து குச்சவெளிக்கு எனக்கு முன்னரே போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு மட்டும் எந்த பஸ்ஸும் பிந்துவதில்லை.

12. அண்ணன் கெட்டவர் அல்லர். இதைச் சபை மனத்தில் கொள்ள வேண்டும். தகப்பன் போனபின் என்னைப் படிப்பித்தவர் அவர். கண்ணாடியை உடைத்தது தன் கை என்பது அவருக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. அதனால்தான் உலகத்தில் இல்லாத நல்ல ஆளைத் தேடுகிறார். மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் பஸ் ஏறி இறங்கியதில் முழங்கால் வீங்கி, இப்போது நொண்டுகிறார். காலையில் வேம்படியில் நிற்கும் காருக்கு மழை படாமல் தறப்பாள் இழுத்துக் கட்டுவதும் அவர்தான். பார்க்கப் பாவமாகவும் இருக்கிறது, பற்றிக்கொண்டும் வருகிறது.

ஆகையால் தங்களிடம் நான் வேண்டுவது:

(அ) அலுமாரியிலுள்ள கார்ச் சாவியை அண்ணன் தன் கையாலேயே எடுத்து என்னிடம் தருமாறு பணித்தல். அரைஞாண் கயிற்றை அவிழ்ப்பதற்குத் தேவையான தனிமை அவருக்கு வழங்கப்படலாம்.

(ஆ) கண்ணாடி பூட்டும் ஆளை நானே தெரிவுசெய்ய அனுமதித்தல். தெரிவு பிழைத்தால் அந்தப் பிழையும் என்னுடையதாகவே இருக்கட்டும்.

(இ) புதுக் கண்ணாடிக்கும் தேங்காய் உடைக்க வேண்டும் என்று அண்ணன் நிச்சயம் சொல்வார். உடைக்கட்டும். கோயில் வீதியில் உடைக்கட்டும். அந்த நேரம் கார் வீட்டில் நிற்க வேண்டும்.

(ஈ) மதுசன், நிரோஜினி சம்பந்தத்தில் இனி எந்த விசாரணைக்கும் அண்ணன் கிளம்பாதிருக்கும்படி அன்பாக எச்சரித்தல்.

இரு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகலாமே என்று சபையில் சொல்வது வழக்கம் எனக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து எனக்கு அதைச் சொல்ல வேண்டாம் ஐயா. என் பங்கை நான் முற்கூட்டியே, மூன்று தடவை கொடுத்து முடித்துவிட்டேன்.

விசாரணைத் தினத்துக்கு முன் சாவி கைக்கு வந்து கண்ணாடியும் பூட்டப்பட்டால், அண்ணனை நானே அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு சபைக்கு வருவேன். முன் கதிரையில் இருத்தி வருகிறேன், வழிநெடுகப் பிழை பிடிக்கட்டும். சாவி வராவிட்டால் பஸ்ஸில்தான் வருவோம். அந்த முழங்காலோடு அவர் தனியாகப் படியேற மாட்டார். கையைப் பிடித்து ஏற்றி, இருக்க இடம் பிடித்துக் கொடுக்க வேண்டியவளும் நானே. எப்படி வந்தாலும் அவரைக் கூட்டிக்கொண்டு வரப் போவது நான்தான் ஐயா. சாவியும் என்னிடம் இருப்பதே முறை.

விரைந்து ஒரு தினத்தைக் குறித்து அறிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அறிவித்தலைத் தபாலில் அனுப்பலாம். பிந்தாமல் வந்து சேரும் என்பதற்கு நான் பொறுப்பு.

இங்ஙனம்,
பணிவுள்ள,
க. குணேஸ்வரி

இடம்: உப்புவெளி, திருகோணமலை
திகதி: 2024.12.09

மேற்கூறியவை யாவும் உண்மை என உறுதிப்படுத்தும் சாட்சி:
இ. அன்னலட்சுமி
(எதிர்த்தரப்பினரின் மனைவி)